காப்பகப் பூனையின் முதல் மாதம்: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து பூனை தத்தெடுக்கிறவர்கள் பலர் பெங்களூர்க் காப்பகங்களுக்குப் போய்த்தான் எடுத்து வருகிறார்கள். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90. அங்கே மடியில் ஏறி விளையாடிய குட்டி, வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. சோறு தொடுவதில்லை. தும்முகிறது. மூன்றாம் நாள் வயிறு போகிறது. "சீக்குப் பூனையைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று வீட்டில் பேச்சு கிளம்பி, ஒரு வாரத்துக்குள் பூனை காப்பகத்துக்கே திரும்பிப் போகிறது.

அப்படித் திரும்பிப் போகும் பூனைகளில் பல வெறும் பயத்தில் இருந்தவை. இன்னொரு பக்கம், "பயம்தான், பழகிவிடும்" என்று விட்டுவைத்த குட்டி இரண்டே நாளில் செத்துப்போவதும் நடக்கிறது. இது பயமா, நோயா என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். அதற்காகத்தான் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பூனை என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

ஈறு. பூனையின் மேலுதட்டை விரலால் லேசாகத் தூக்குங்கள். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரல் நுனியால் ஒருமுறை அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில பூனைகளுக்கு ஈறே கருப்பாக இருக்கும். அவற்றுக்கு நாக்கின் நிறத்தையும் கண் இமையின் உட்புறத்தையும் பாருங்கள். ஈறு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், மருத்துவரிடம் கிளம்புங்கள்.

எடை. சமையலறைத் தராசு இருந்தால் போதும், இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடைத் தராசு. இரண்டு மாதக் குட்டி 800 முதல் 900 கிராம் வரை இருக்கும். நன்றாக இருக்கும் குட்டிக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏற வேண்டும். விளையாடிக்கொண்டே இருந்தாலும், நாலைந்து நாள் எடை ஏறாத குட்டிக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

மண் தட்டு. பூனை கழிப்பதற்கு மண் நிரப்பி வைக்கும் இந்தத் தட்டில் எத்தனை முறை சிறுநீர் போயிருக்கிறது, மலம் எப்படி இருக்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

தொட்டுப் பார்த்து "உடம்பு சுடுகிறது" என்று முடிவு கட்டாதீர்கள். பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சல் மாதிரிதான் தெரியும். இந்தத் தவறான கணிப்பில்தான் பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலை முறித்து வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தைக் கெடுக்கும். ஒரே ஒரு மாத்திரை வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். குழந்தைகளுக்கான சிரப்பிலும் இருப்பது அதே மருந்துதான்.

கூடவே ஒன்று. நம் பக்கம் மாடு, ஆடு வளர்ப்பில் ஊறிய பக்கம். ஓசூர் மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு மாட்டு வைத்தியம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவருடைய அனுபவம் மாட்டுக்குச் சரி. ஆனால் புழுவுக்கும் உண்ணிக்கும் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைச் "சொட்டுப் போட்டால் போதும்" என்று குட்டிக்குக் கொடுத்தால் அளவு பல மடங்கு எகிறி நரம்பைத் தாக்கும். நாய்க்கான உண்ணிப் பவுடர், சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும். பூனைக்கு என்று மருத்துவர் எடை பார்த்துத் தந்ததைத் தவிர வேறு எதையும் வாயிலும் விட வேண்டாம், தோலிலும் தடவ வேண்டாம்.

ஒளிந்துகொண்டு வெளியே வரவே இல்லை

முதல் நாளிலிருந்தே ஒளிந்திருந்தால் பெரும்பாலும் பயம். பழகிய வாசனை, கூட இருந்த பூனைகள், கூண்டின் மூலை எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அதற்கு மேல் லாரிச் சத்தத்தில் 44-ஆம் எண் நெடுஞ்சாலைப் பயணம் வேறு. காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: அதிர்ச்சி தெளிய 3 நாள், வீட்டு நடப்பு பிடிபட 3 வாரம், தன் வீடு என்று ஆக 3 மாதம். வளர்ந்த பூனைக்கு இது ஏறக்குறைய சரியாக இருக்கும். குட்டி அதைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

வந்த அன்றே வீடு முழுவதையும் திறந்துவிடுவதுதான் சிக்கலை வளர்க்கிறது. ஒரே ஒரு அறை கொடுங்கள், கதவு சாத்தியிருக்கட்டும். ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர் மூலையில் மண் தட்டு, நடுவில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டிவையுங்கள். ஒளிய நல்ல இடம் கிடைத்த பூனைதான் சீக்கிரம் வெளியே வரும். ஃபிரிட்ஜின் பின்புறம், வாஷிங் மெஷினின் அடிப்பக்கம், பரண், பழைய ஓட்டு வீடு என்றால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள சந்து, இவற்றை மட்டும் பூனை வருவதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். அங்கே போய்விட்டால் எடுப்பது பெரும் பாடு.

காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அதே அறையில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், மெதுவான குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பூனையை முறைத்துப் பார்க்காமல், பார்வை பட்டால் கண்ணை மெல்ல மூடித் திறங்கள். "உன்னால் எனக்கு ஆபத்தில்லை" என்று பூனைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வழி அது.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் ஒருமுறை போனில் அழாத குறையாகப் பேசினாள்.

"அக்கா, ரெண்டு நாளா கேஸ் சிலிண்டர் பின்னாடியே கெடக்குதுக்கா. கூப்பிட்டா சீறுது."

"ராத்திரி வெச்ச சாப்பாடு காலையில இருந்துச்சா கண்ணு?"

"பாதி இல்லக்கா."

"மண்ணுல போயிருக்குதா?"

"போயிருக்குது. மூடிக்கூட வெச்சிருக்குது."

"அப்ப ஒண்ணும் பயமில்ல. சிலிண்டரை மட்டும் மூடி, ரெகுலேட்டரை ஆஃப் பண்ணி வெச்சுக்கோ. பெட்டியைப் பக்கத்துல நகத்தி வை. தானா வரும்."

வந்தது. ராத்திரி யாரும் இல்லாதபோது தின்று, மண்ணில் போய், மூடியும் வைக்கும் பூனைக்கு உடம்பில் கோளாறு இல்லை. அதற்கு நாள்தான் வேண்டும்.

ஓட வேண்டிய நிலை வேறு மாதிரி இருக்கும். இரண்டு மூன்று நாள் வெளியே வந்து விளையாடிய பூனை திடீரென்று ஒளிந்தால் அது நோய். ஒரு நாள் முழுவதும் சிறுநீர் போகவில்லை என்றால் நோய். பயண மயக்கம் தெளிந்த பிறகும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி, தை மாதக் குளிரில் சின்னக் குட்டி சுருண்டு அசையாமல் கிடந்தால் முதலில் குளிரா என்று பாருங்கள். நான்கு வாரத்துக்குக் கீழ் உள்ள குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், குட்டி வேண்டாம் என்றால் நகர்ந்துகொள்ள இடமும் விடுங்கள். உடம்பு சில்லிட்டிருக்கும்போது பால் புகட்டாதீர்கள், செரிக்காது. முதலில் சூடு, அப்புறம்தான் உணவு.

சாப்பிட மறுக்கிறது

காப்பகத்தில் என்ன கொடுத்தார்கள் என்று எடுக்கும்போதே கேட்டு, அதே உணவை முதல் வாரம் கொடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். உணவை லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும். வாசனை பிடித்தால்தான் பூனை வாய் வைக்கும். மூன்று நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுக்க வேண்டும்.

பசும்பால் வேண்டாம். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு போகும். தயிர்ச்சோறும் களியும் வயிற்றை நிரப்பும், ஆனால் பூனையைக் காப்பாற்றாது. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் வந்தாக வேண்டும். அது இல்லாமல் போனால் மாதக்கணக்கில் இதயமும் கண்ணும் கெடும். நாய் உணவிலும் அது பூனைக்குத் தேவையான அளவில் இருக்காது. சைவ வீடு என்றால் பூனைக்கென்று விற்கும் பாக்கெட் உணவை வாங்கிக் கொடுங்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் பூனை எடுக்கும் எண்ணத்தையே தள்ளிவைக்கலாம்.

ஒகேனக்கல் மீனோ, கிருஷ்ணகிரி அணை மீனோ, எது கிடைத்தாலும் உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது. வீட்டு மீனை மட்டுமே நம்பியும் இருக்காதீர்கள், வாரத்தில் பெரும்பகுதி பூனை உணவாக இருக்கட்டும்.

எத்தனை நேரம் காத்திருக்கலாம்? மூன்று மாதத்துக்குக் கீழ் உள்ள குட்டி 12 மணி நேரம் எதுவும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். வளர்ந்த பூனைக்கு ஒரு நாள் பார்க்கலாம், இரண்டாம் நாளைத் தாண்டக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடம்பு தன் கொழுப்பையெல்லாம் கல்லீரலுக்கு அனுப்பி, அந்தக் கல்லீரலே செயலிழக்கும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். "குண்டாகத்தானே இருக்கிறது, நாலு நாள் தாங்கும்" என்பது தலைகீழ்க் கணக்கு.

தும்முகிறது, கண்ணில் நீர் வடிகிறது

காப்பகப் பூனைகளில் மிகச் சாதாரணமாக வருவது இதுதான். ஹெர்பிஸ், கேலிசி என்ற இரண்டு வைரஸ்கள்தான் பெரும்பாலும் காரணம். ஹெர்பிஸ் ஒருமுறை தொற்றினால் உடம்பிலேயே தூங்கிக் கிடக்கும். இடம் மாறிய அதிர்ச்சியில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் காப்பகத்தில் நன்றாக இருந்த பூனை நம் வீட்டில் தும்முகிறது. காப்பகம் மறைத்தது என்று பொருளில்லை.

தண்ணீர் போல வடிந்து, பூனை தின்று விளையாடிக்கொண்டிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் துடையுங்கள், ஒரு கண்ணுக்குப் போட்ட பஞ்சை இன்னொரு கண்ணுக்குப் போடாதீர்கள். குளியலறையில் வெந்நீர் விட்டு ஆவி நிரப்பி, பத்து நிமிடம் பூனையோடு உள்ளே உட்காருங்கள். ஆவி பிடிக்கிற தைலம் எதுவும் அதில் சேர்க்கக் கூடாது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால், கண்ணைத் திறக்காமல் இடுக்கினால், நாக்கில் புண் தெரிந்தால், சாப்பாடு நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் கிடக்கும் கண் சொட்டு மருந்தைப் போடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால், ஹெர்பிஸால் கருவிழியில் வந்த புண் ஆழமாகிக் கண்ணே போய்விடும்.

வயிறு போகிறது, வாந்தி எடுக்கிறது

இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். சாதாரணத்தையும் ஆபத்தையும் பிரிக்கும் கோடு இங்கே மிக மெல்லியது.

உணவு மாறியதால் வருவது இளகலாக இருக்கும்; பூனை கலகலப்பாகவே இருக்கும். பழைய உணவுக்குத் திரும்பி, பாலை நிறுத்தினால் இரண்டு நாளில் கட்டும். குடற்புழு இருந்தால் வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு தட்டுப்படும். வாந்தியிலோ மலத்திலோ நூல்நூலாக வெள்ளைப் புழு வரும். வாலுக்கு அடியில் அரிசி மணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது, எனவே தெள்ளுக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். காப்பகத்தில் குடற்புழு மருந்து கொடுத்த தேதி அட்டையில் இருக்கும். ஒருமுறை கொடுத்தால் போதாது, குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று சில முறை கொடுக்க வேண்டும். புழு மருந்துக்கும் அடங்காமல் சளியோடு நாறும் வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் காக்சிடியா, ஜியார்டியா போன்ற நுண்ணுயிர்கள் இருக்கலாம். புதிதாகப் போன மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இனி ஆபத்தானது. குட்டி சாப்பாட்டை விட்டுவிட்டு மந்தமாகிறது. நுரை நுரையாக, மஞ்சளாக வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், குடிக்க ஆசை இருக்கும், குடிக்க முடியாது. தூக்கினால் வயிறு வலித்து முனகும். அப்புறம் ரத்தம் கலந்து, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு வயிற்றுப்போக்கு. இது பான்லூகோபீனியாவாக இருக்கலாம். நாய்க்கு வரும் பார்வோவின் பங்காளி வைரஸ். தொற்றிய இரண்டு நாள் முதல் பத்து நாளுக்குள், சில சமயம் இரண்டு வாரம் வரை கழித்தும் அறிகுறி தெரியும். அதனால் காப்பகத்தில் போட்ட தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் முன்பே பிடித்துக்கொண்ட வைரஸ் நம் வீட்டில் வெளிப்படலாம். காலை வரை பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம். டிரிப்ஸ், வாந்தி நிறுத்தும் ஊசி, பாக்டீரியா தொற்றுக்கு மருந்து எல்லாம் அன்றே தொடங்கினால்தான் குட்டி பிழைக்க வழி உண்டு.

குட்டி பிழைத்தாலும் போனாலும் வீட்டில் அந்த வைரஸ் ஒரு வருடம் வரை கிடக்கும். பினாயில் அதை நம்பும்படி அழிக்காது, தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு பினாயிலே நஞ்சு. 5 சதவீத ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 32 பங்கு கலந்து, தரையை முதலில் சோப்பால் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஈரமாக ஊறவிட்டுத் துடையுங்கள். துணி, அட்டைப்பெட்டி, படுக்கையை எரித்துவிடலாம். அந்த வீட்டுக்கு அடுத்து எடுப்பது தடுப்பூசி முழுவதும் முடிந்த வளர்ந்த பூனையாக இருக்கட்டும். மனம் தாங்காமல் அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருவதுதான் இதில் மிகப் பெரிய வேதனையில் முடிகிறது.

தடுப்பூசிக் கணக்கு இதுதான்: பான்லூகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி மூன்றுக்கும் சேர்ந்த ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். காப்பகத்தில் ஒன்று போட்டார்கள் என்றால் மீதி உங்கள் பொறுப்பு.

தட்டில் போகாமல் மூலையில் போகிறது

மண் பிடிக்கவில்லையா, இடம் பிடிக்கவில்லையா, அழுக்கா என்று வரிசையாகப் பாருங்கள். சலித்த ஆற்று மணலோ, கடையில் 'லிட்டர்' என்று விற்கும் பூனை மணலோ எதுவானாலும் காப்பகத்தில் பழகியதிலிருந்து தொடங்குங்கள். போச்சம்பள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்னைநார்க் கழிவு கிடைக்கும். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், வாடையும் குறைவு. ஆனால் காயாத கழிவு பூஞ்சை பிடிக்கும், நன்றாக வெயிலில் காயவைத்துப் போடுங்கள். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் தட்டு வைத்தால் பல பூனைகள் போகாது. தவறான இடத்தில் போனதற்கு மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் பூனைக்கு உங்களிடம் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

ஆண் பூனை தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, சொட்டுதான் வருகிறது அல்லது எதுவும் வரவில்லை, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது, கத்துகிறது. பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். இது சிறுநீர்க் குழாய் அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டியது இதற்குத்தான்.

சொறிகிறது, முடி கொட்டுகிறது

வெள்ளைத் துணியில் பூனையை நிறுத்தி, பேன் சீப்பால் முதுகிலிருந்து வால் வரை வாருங்கள். கருப்புத் தூள் விழுந்தால் ஈரப் பஞ்சில் வைத்துத் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். சின்னக் குட்டிக்குத் தெள்ளு அதிகமாக இருந்தால் ரத்தமே வற்றி ஈறு வெளுத்துவிடும். அப்போது இது சொறிச் சிக்கல் இல்லை, அவசரம். மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய், வேப்பெண்ணெய் எதையும் பூசாதீர்கள். பூசியதெல்லாம் நக்கி வயிற்றுக்குள் போகும்.

காதை ஆட்டிக்கொண்டே இருந்து, உள்ளே காப்பித்தூள் போல அழுக்கு இருந்தால் காதுப் பூச்சி. செவிப்பறையை மருத்துவர் பார்க்கும் முன் காதில் எண்ணெய் விட வேண்டாம்.

காது நுனியிலும் முகத்திலும் காலிலும் வட்டமாக முடி உதிர்ந்து, தோல் செதில் செதிலாக இருந்தால் படர்தாமரை. காப்பகக் குட்டிகளுக்கு அடிக்கடி வரும், வீட்டில் குழந்தைகளுக்கும் ஒட்டும். பயப்பட வேண்டியதில்லை, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குணமாக வாரக்கணக்கில் ஆகும். மஞ்சள் பூசினால் நிறம் மறைத்து மருத்துவரைத்தான் குழப்பும். அறையைத் தினமும் பெருக்கி, துணிகளைச் சுடுதண்ணீரில் துவையுங்கள், விழுந்த முடியிலேயே கிருமி மாதக்கணக்கில் வாழும். உங்கள் தோலில் வந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், படர்தாமரை மேலும் பரவும். தோல் மருத்துவரிடம் போங்கள்.

வாயில் நூல் தொங்குகிறது, அல்லது எதையோ தின்றுவிட்டது

பூக்கட்டு வீடுகளில் இது நடக்கும். மல்லிகைச் சரத்தின் நூல், நார் என்றால் பூனைக்கு உயிர். வாயிலோ ஆசனத்திலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே கூடாது. மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் நீங்கள் இழுக்கும் நூல் குடலை அறுத்துவிடும். நீண்டு தொங்கினால் கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பூக்களிலும் கவனம் வேண்டும். சாமந்தியைக் கடித்தால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும். செங்காந்தள் நஞ்சு. பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தம் மேலே பட்டு நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும், அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

மாந்தோப்பு, நிலக்கடலைக் கிடங்கு, மாங்கூழ் ஆலைப் பக்கம் குடியிருப்பவர்கள் எலி மருந்தை மறக்கக் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்குப் பாதிப்பு வரும். ஒருவகை மருந்து சில மணி நேரத்திலேயே தாக்கும். ரத்தம் உறையாமல் செய்யும் வகை சில நாள் கழித்துத்தான் மூக்கு, ஈறு, மலத்தில் ரத்தமாகத் தெரியும். இரண்டாவது வகைக்கு வைட்டமின் கே முறிமருந்து உண்டு. எந்த மருந்து என்று தெரிய பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

கடிக்கிறது, பிறாண்டுகிறது

தாயையும் உடன்பிறந்தவற்றையும் சீக்கிரம் பிரிந்த ஒற்றைக் குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காமல், அசைவை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். குச்சியில் துணி கட்டி ஆட்டுங்கள், விளையாடி முடிந்ததும் எடுத்துவையுங்கள். முடிந்தால் இரண்டு குட்டியாக எடுங்கள். அவை ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும், உங்களுக்கும் வேலை குறையும்.

ரத்தம் வரும்படி கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநோய் ஊசி பற்றிக் கேளுங்கள், அங்கே இலவசம். பூனையின் ஊசி அட்டையைக் காட்டுங்கள்.

ராத்திரி முழுக்கக் கத்துகிறது

குட்டி என்றால் தனிமை. படுக்கும் முன் நன்றாக விளையாட வைத்து, வயிறு நிறையக் கொடுங்கள். நான்கைந்து மாதம் தாண்டிய பெட்டை தரையில் புரண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அழுவது போலக் கத்தினால் அது பருவத்துக்கு வந்துவிட்டது. நோய் இல்லை. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இது திரும்பும், சேர்ந்தால் ஏறக்குறைய 65 நாளில் குட்டி. கடுவன் என்றால் சுவரில் சிறுநீர் பீச்சும், ஊரைச் சுற்றும், சண்டையில் காயத்தோடு வரும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். நிறையக் காப்பகங்கள் இதைத் தத்தெடுப்பு நிபந்தனையாகவே எழுதி வாங்குகின்றன. காப்பகம் நிரம்பி வழியக் காரணமே செய்யாமல் விட்டவைதான்.

ஏற்கெனவே இருக்கும் பூனையோடு சண்டை

முதல் இரண்டு வாரம் இரண்டும் பார்த்துக்கொள்ளவே வேண்டாம். நோய் தெரியவும் அந்த இடைவெளி வேண்டும். பிறகு படுக்கைத் துணியை மாற்றிப் போட்டு வாசனை பழக்குங்கள், மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள், அப்புறம் கொஞ்சம் கதவு திறப்பு. வாரக்கணக்கில் ஆகும். சீறல் இயல்பு, முடி பறக்கும் சண்டை என்றால் ஒரு படி பின்னால் போங்கள்.

வீட்டில் எதிர்ப்பு வந்தால்

கர்ப்பிணி இருக்கிறார், பூனையை அனுப்பிவிடு என்பார்கள். அனுப்ப வேண்டியதில்லை. கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வந்து, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். கர்ப்பிணி மண்ணில் வேலை செய்தால் கையுறை போடட்டும், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள்.

முடி வயிற்றில் போனால் ஆஸ்துமா வரும் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. ஒவ்வாமைக்குக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். அது முடியில் ஒட்டிக் காற்றில் பரவுகிறது. மூச்சிரைப்பு உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், எடுப்பதற்கு முன்பே அந்தக் குழந்தையைக் காப்பகத்துக்கு அழைத்துப் போய்ச் சில மணி நேரம் பூனைகளோடு இருக்கவிட்டுப் பாருங்கள். பூனை வந்தபின் கண்டுபிடிப்பது இரண்டு பேருக்கும் கொடுமை.

எங்கே போவது

பூனை வருவதற்கு முன்பே பூனை பார்க்கும் மருத்துவர் யார், இரவில் திறந்திருப்பது எது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊர் அரசு கால்நடை மருத்துவமனையில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும். பூனைத் தடுப்பூசி இருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. பெரிய சிக்கல் என்றால் தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி. கால்நடை ஆம்புலன்ஸ் உதவி எண் 1962. எங்கே போனாலும் ஊசி அட்டை, எடைக் குறிப்பு, தட்டைப் பற்றி எழுதிய தாள் மூன்றையும் கொண்டு போங்கள். பூனையை மூடிய கூண்டில்தான் கொண்டு போக வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு பைக்கில் போய், பேருந்து ஹாரனில் பாய்ந்து தொலைந்த பூனைகள் திரும்பக் கிடைப்பது அரிது.

எல்லாம் செய்தும் வைத்துக்கொள்ள முடியாத நிலை வரலாம். வேலை மாறலாம், வீட்டுக்காரர் ஒப்பாமல் போகலாம். காப்பகத்துக்குப் போன் செய்து சொல்லுங்கள், திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலும் தத்தெடுப்புத் தாளிலேயே இருக்கும். சந்தையிலோ உழவர் சந்தை வாசலிலோ தோப்பிலோ விட்டுவிட்டு வராதீர்கள். பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். திருப்பித் தரும்போது என்ன தின்கிறது, எந்த மண்ணில் போகிறது, எதற்குப் பயப்படுகிறது, கடைசியாக எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு தாளில் எழுதி அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள்.